ரெண்டாவது கியரில் ஏறுகிற மலை

சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், கொடைக்கானல் ரோட்டு டம்டம் பாறை ஏற்றத்தை ரெண்டாவது கியரிலேயே ஏறுகிறது! முதல் கியருக்கு இறக்காமல், ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு "ஏறு தாயே, ஏறு தாயே" என்று கெஞ்சாமல், பின்னால் வருகிற டூரிஸ்ட் வேன்காரர் ஹாரனாலேயே திட்டுவதை வாங்கிக் கட்டிக்கொள்ளாமல், சும்மா கிண்ணென்று ஏறுகிறது. அறுபதுகளில் மெட்ராஸில் செய்த வண்டி. 948 சிசி. புதுக் காலத்துக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, "இதுக்கா இந்தக் குதி குதிக்கிறான்?" என்று சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். நான் குதிப்பதை நிறுத்தப் போவதில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு இரும்புத் தண்டு. கேம் ஷாப்ட். ஒரு முழத்துக்கு அப்படி இப்படி இருக்கும். அதில் எட்டு மேடு, பெட்ரோல் பம்பைத் தட்டிவிட ஒரு கோணல் வட்டம், டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றிவிட ஒரு பல்சக்கரம். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்த எட்டு மேட்டின் வடிவத்தை ஒரு மயிரிழை மாற்றினால் வண்டியின் குணமே மாறிவிடும், குரலே மாறிவிடும், ஓட்டுகிறவன் புத்தியும் கொஞ்சம் மாறிவிடும். மாறிவிட்டது, என்னையே பாருங்களேன்.

முதலில் வண்டியைப் பற்றி நாலு வார்த்தை பெருமையடித்துக்கொள்ள விடுங்கள். ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் பெயரில் வந்தது. வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961-இலிருந்து நம் வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் கடைசி வரைக்கும் ஹெரால்டுக்கு நாலு கதவு கிடையாது. நம் மெட்ராஸ்காரர்கள் நாலு கதவு வைத்தே காட்டினார்கள்! அப்புறம் எழுபதுகளில் கெசல் என்ற பெயரில் அதே இன்ஜினோடு இன்னும் சில வருஷம் ஓடியது. என்னிடம் இருப்பது ரெண்டு கதவுக்காரி. பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? பானெட் என்று சொல்வதே தப்பு. மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாவற்றோடும் வண்டியின் முன்பாதி மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம், பக்கத்தில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு. மெக்கானிக்கின் இடுப்பை மதித்துச் செய்த கார் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

"சரிப்பா, இது குடும்பக் கார்தானே, ஸ்போர்ட்ஸ் காரா?" என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு என்னிடம் பதில் தயாராக இருக்கிறது, அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். 1962-இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ன வானத்திலிருந்தா குதித்தது? ஹெரால்டின் சேஸியைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டி மேலே ஓர் அழகான திறந்த உடம்பை வரைந்தார். இன்ஜினும் இதே வம்சம். நம்முடையது 63 மில்லிமீட்டர் போர், 76 ஸ்ட்ரோக். அங்கே போரை 69.3 ஆக்கினார்கள், ஸ்ட்ரோக்கில் கை வைக்கவேயில்லை, 1147 சிசி ஆயிற்று. அந்த வம்சத்து வண்டி 1965-இல் பிரான்ஸில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலாவதாக வந்தது! நம் பக்கத்திலும் சும்மா இருக்கவில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் ஆரம்பித்தது. சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ரேஸ் மைதானமானது. அங்கே ஃபியட்டும் அம்பாசிடரும் ஹெரால்டும் தட்டித் தட்டிச் சீறிய கதைகளை இன்றைக்கும் பழைய கைகள் கண்கள் பளபளக்கச் சொல்வார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் வேறு எப்படி இருப்பான்?

ஆக, என் இன்ஜினும் கொஞ்சம் சோழவரத்துக் காற்று வாங்கியதுதான். ரீபோர் அடித்தாயிற்று, ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை 8-லிருந்து 8.5-க்கு ஏற்றியாயிற்று, ஒற்றைக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இரட்டை எஸ்.யூ. போட்டாயிற்று. இங்கிலாந்தில் ஹெரால்டு கூப்பேயில் இதே ரெட்டைக் கார்புரேட்டர் வைத்துத்தான் 45 குதிரைசக்தி எடுத்தார்கள்; ஒற்றையில் 35-ஐக்கூட எட்டவில்லை. எல்லாம் செய்தும் எங்கள் ஊர் வத்தலக்குண்டைத் தாண்டி மலையைக் கண்டால் வண்டி சோர்ந்தது. மூச்சுக்குழலை அகலப்படுத்திவிட்டு வாயை மூடியே வைத்திருந்தால் எப்படி? அந்த வாய்தான் வால்வு; அதைத் திறந்து மூடுவது கேம். அங்கேதான் எனக்குக் கிறுக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

எவ்வளவு கிறுக்கு என்றால், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வால்வு டைமிங் படம் வரைந்து வைத்திருந்தேன், முகூர்த்த நேரம் பார்க்கப் பத்திரிகையைத் தேடிய என் மனைவி கையில் அது சிக்கி, "ஏங்க, இது என்ன ஜாதகக் கட்டமா?" என்று கேட்டாள். ஜாதகமேதான் என்றேன். பொய்யில்லை. நாலு எண்ணில் ஓர் இன்ஜினின் பலனைச் சொல்லிவிடலாம். உதாரணத்துக்கு 18-58-58-18. பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் 18 டிகிரி இருக்கும்போதே இன்டேக் வால்வு திறந்துவிடும். பிஸ்டன் அடிக்குப் போய்த் திரும்பி 58 டிகிரி மேலே வந்த பிறகுதான் மூடும். எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டன் அடியைத் தொட 58 இருக்கும்போதே திறந்து, உச்சியைத் தாண்டி 18 வரை திறந்திருக்கும். கூட்டுங்கள்: 18, நடுவில் 180, அப்புறம் 58. மொத்தம் 256 டிகிரி. உச்சியில் ரெண்டு வால்வும் சேர்ந்தே திறந்திருக்கிற நேரம் 18-ம் 18-ம் 36 டிகிரி. அதற்கு ஓவர்லேப் என்று பெயர். கிராங்க் ரெண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றுக்குள் இத்தனை திறப்பும் மூடலும், எட்டு வால்வுக்கும், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. நினைத்துப் பார்த்தால் புல்லரிக்கவில்லையா? எனக்கு இதை எழுதும்போதே புல்லரிக்கிறது.

பிஸ்டன் மேலே வர ஆரம்பித்த பிறகும் எதற்காக இன்டேக் வால்வைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு திருநாள் காலையில் வாருங்கள். திண்டுக்கல் பஸ் கிளம்பிவிட்டது, கண்டக்டர் விசில் அடித்துவிட்டார், ஆனாலும் ஓடி வந்த வேகத்தில் ஒரு கூட்டம் படியில் தொற்றி ஏறிவிடும் பாருங்கள், அதுதான் சங்கதி. ஓடிவருகிற காற்றுக்கு வேகம் இருக்கிறவரை கதவைத் தாமதமாக மூடினால் இன்னும் நாலு பேர் ஏறுவார்கள். கூட்டமே மெதுவாக நடந்து வருகிற நேரத்தில் கதவைத் திறந்தே வைத்திருந்தால்? ஏறினவர்களும் இறங்கிப் போய்விடுவார்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது தாமதமாக மூடுகிற கேம் லாபம். மெதுவாகச் சுற்றும்போது அதே கேம், இழுத்த காற்றைத் திரும்பக் கார்புரேட்டருக்கே தள்ளிவிடும். முழு விவகாரமும் இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது. உன் இன்ஜின் எந்த வேகத்தில் வாழ்கிறது? அதைச் சொல், கேமைச் சொல்கிறேன்.

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர், ரேஸ் பார்த்தே வளர்ந்தவர், செட்டிபாளையத்துக் கரி டிராக்கில் சத்தம் கேட்டால் சாப்பாட்டை விட்டு எழுந்து போகிறவர், போனிலேயே என்னை உசுப்பேற்றிவிட்டார். "மாப்ளே, போடறதுன்னா 300 டிகிரி போடுங்க. ஐட்லிங்ல நின்னு உறுமும் பாருங்க, தெருவே திரும்பிப் பாக்கும்!" ஐயோ, அந்த உறுமல்! நான் மயங்கித்தான் போனேன். 40-80-80-40 என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், மந்திரமாகவே. ஓவர்லேப் மட்டும் 80 டிகிரி. சிக்னலில் நிற்கும்போது வண்டி முழுக்கக் குலுங்கி, கண்ணாடி நடுங்கி, எக்ஸாஸ்ட்டில் பட் பட் என்று வெடித்து... வத்தலக்குண்டில் யாருக்குத்தான் அந்த மாதிரி ஒரு வண்டி வேண்டாம்?

ஆனால் திண்டுக்கல்லில் ஒரு லேத்துப் பட்டறை மேஸ்திரி இருக்கிறார், என் அப்பா காலத்து ஆள், பழைய இன்ஜின் என்றால் உயிர். அவர் என் கணக்கையெல்லாம் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார். "தம்பி, வண்டி எந்த ரோட்ல ஓடப்போகுது?"

"கொடைக்கானல் ரோட்லண்ணே."

"அப்ப ரோட்டுக்குக் கேம் போடுப்பா. தெருவுக்கு எதுக்கு?"

அவ்வளவுதான்! என் மண்டையில் பல்பு எரிந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஹெரால்டின் பின் ஆக்ஸில் விகிதம் 4.875. ரெண்டாவது கியரில் மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் இன்ஜின் சுமார் 2,200 சுற்று. 30-இல் போனால் 3,300. காட்ரோட்டில் ஏறி பெருமாள்மலை வரைக்கும் கொண்டையூசி வளைவுகளில் நாம் வாழ்கிற உலகமே அதுதான், 2,000-த்துக்கும் 3,500-க்கும் நடுவில். 300 டிகிரி கேம் கண் விழிப்பதே அதற்கு மேலேதான்! இன்னொன்றும் இருக்கிறது. வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். கொடைக்கானல் 2,100 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏற்கனவே காற்று மெலிந்துகொண்டே போகிற ரோட்டில், உள்ளே வந்ததையும் திருப்பித் தள்ளுகிற கேமைப் போட்டால் வண்டி எங்கே ஏறும்? கம்ப்ரஷனும் நமக்கு 8.5தான், நீளமான கேமுக்கு 10-க்கு மேலே வேண்டும், தாமதமாக மூடி இழந்த அழுத்தத்தை ஈடுகட்ட. ஸ்பிட்ஃபயர் மூன்றாம் மாடலில் இருந்த 25-65-65-25 பற்றியும் பேசினோம். 270 டிகிரி, இனிமையான கேம், ஆனால் அது 1296 சிசிக்கு. இன்ஜின் சின்னதாக ஆக ஆக, அதே கேம் இன்னும் காரமாகத் தெரியும். நம்முடையது 948. முடிவு 256. கம்பெனி கேம் 240-ஐ ஒட்டி இருந்தது; அதைவிட ஒரே ஒரு படி மேலே. நாங்கள் தேர்ந்தெடுத்த கேம், கடையில் கிடைக்கிறவற்றிலேயே சாதுவானது என்று சொல்லும்படியானது. அந்தச் சாதுவைப் பற்றித்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்!

கிடைக்கிறது என்றேனே, இந்தியாவில் எங்கே கிடைக்கிறது? இங்கிலாந்தில் கென்ட், பைப்பர், நியூமேன் என்று கேம் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரவழைக்கலாம், கஸ்டம்ஸோடு சேர்த்தால் கையைக் கடிக்கும். நம் வழி வேறு: இருக்கிற கேமையே தேய்த்து வடிவம் மாற்றுவது. கோயம்புத்தூரில் அதற்கான கிரைண்டிங் மிஷின் இருக்கிற பட்டறை ஒன்று கிடைத்தது. எப்படித் தேய்த்தால் உயரம் கூடும் என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். மேட்டின் உச்சியை விட்டுவிட்டு அடிவட்டத்தைத் தேய்ப்பார்கள். அடி இறங்கினால் உச்சி தானாகவே உயரம்! எவ்வளவு சாமர்த்தியமான ஏமாற்று வேலை! இறங்கின அளவுக்கு ராக்கரில் இருக்கிற டாப்பெட் ஸ்குரூவை முடுக்கி ஈடுகட்டிக்கொள்ளலாம். ரொம்ப ஆழமாகத் தேய்த்தால் மட்டும் மேல்தோலின் கடினம் போய்விடும். அதனால்தான் சாதுவான கேமுக்கு இந்த வழி அவ்வளவு பொருத்தம். தேய்த்து முடித்து, கறுப்பாகப் பாஸ்பேட் பூச்சுப் போட்டு, எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர், "என்ன தம்பி, புல்லாங்குழலா?" என்றார். ஆமாங்கய்யா என்றேன், பெருமையாக.

கேமோடு சேர்த்து, மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிற டாப்பெட்டுகளையும் மாற்றியே ஆக வேண்டும், இதில் கஞ்சத்தனம் கூடாது. பழைய டாப்பெட்டின் அடிப்பாகம் பழைய மேட்டோடு பழகிப்போனது. புதுக் கேமின் மேல் அதை ஓடவிட்டால் ரெண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஹெரால்டில் இது ஒரு சுகம், ஹெட்டைக் கழற்றினால் டாப்பெட்டுகளை மேலேயிருந்தே விரலால் எடுத்துவிடலாம். ரேடியேட்டரைக் கழற்றி, டைமிங் செயின் மூடியைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் சக்கரத்தையும் பெட்ரோல் பம்பையும் எடுத்துவிட்டு, கேமை முன்பக்கமாக உருவ வேண்டும். உருவும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். ஒரு மேடு உராய்ந்தாலும் பிளாக்கில் கோடு விழுந்துவிடும் என்று மேஸ்திரி பயமுறுத்தியிருந்தார். புதுசு உள்ளே போகும்போது ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள், "ஸ்ஸ்ளக்" என்று, கிரீஸும் இரும்பும் சேர்ந்து பேசுகிற பேச்சு.

இப்போது நான் ஆடிப்போன ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், கிட்டே வாருங்கள். கேமின் செயின் சக்கரத்தை ரெண்டு போல்ட் பிடித்திருக்கிறது. ஆனால் சக்கரத்தில் துளை நாலு! எதற்கு? துளை ஜோடியை மாற்றிப் போட்டால் டைமிங் அரைப் பல் நகரும். சக்கரத்தையே முன்பின்னாகத் திருப்பிப் போட்டால் கால் பல் நகரும். அரை நூற்றாண்டுக்கும் முன்னால், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவதற்காகச் செய்த ஒரு சாதாரணக் காரில், டிகிரி டிகிரியாகக் கேமைத் திருத்திக்கொள்ள இடம் வைத்திருக்கிறான் மனுஷன்! யாரோ ஒரு என்ஜினியர், பின்னாளில் வத்தலக்குண்டில் ஒரு கிறுக்கன் இதைக் கழற்றப் போகிறான் என்று தெரிந்தே செய்தானோ என்னவோ. கிராங்க் முனையில் டிகிரித் தட்டை மாட்டி, டாப்பெட் மேல் டயல் கேஜை நிறுத்தி, ஒரு கை தட்டில், ஒரு கண் முள்ளில். முள் மெல்ல ஏறுகிறது, உச்சியில் நிற்கிறது, இறங்குகிறது. ஒரு டிகிரி, அரை டிகிரி. கரண்ட் போய்விட்டது, டார்ச்சைக் கடித்துக்கொண்டு பார்த்தோம். சரியாக விழுந்தபோது மேஸ்திரி ஒன்றுமே சொல்லவில்லை, வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். அது அவருடைய சர்டிபிகேட்.

அதற்கப்புறம் களிமண் சோதனை. பிள்ளைகள் விளையாடுகிற கலர் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் ஒட்டி, எண்ணெய் தடவி, ஹெட்டை வைத்து இறுக்கி, கையால் ரெண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பக் கழற்றிப் பார்க்க வேண்டும். வால்வு பதிந்த பள்ளத்தில் களிமண் எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறதோ அதுதான் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஹெட்டைச் சீவினவர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது. என் மகனுடைய பச்சைக் களிமண்ணைத்தான் எடுத்தேன். அதில் அச்சாகப் பதிந்திருந்த அந்த ரெண்டு பிறை வடிவத்தை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். பையன் கேட்டான், தரவில்லை.

இனி ஸ்டார்ட் பண்ணின கதை. இதயம் பலவீனமானவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். புதுக் கேமை முதல் தடவை ஓடவிடும்போது ஐட்லிங்கில் விடவே கூடாது. கேமுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் சுழன்று தெறிப்பதால்தான் கிடைக்கும். மெதுவாகச் சுற்றினால் தெறிப்பு போதாது, மேடு தேய்ந்துவிடும். அதனால் மாலிப்டினம் பேஸ்ட்டை எட்டு மேட்டிலும் அப்பி, துத்தநாகச் சத்துள்ள ஆயில் ஊற்றி, பிடித்த உடனே 2,000-த்துக்கு மேலே ஏற்றி, இருபது நிமிஷம் அங்கேயே நிறுத்த வேண்டும். இருபது நிமிஷம்! சைலன்சர் சத்தத்தோடு! எங்கள் தெருவில்! சாவியைத் திருப்பினேன், ஒரு உதறல், இரண்டு இருமல், கார்புரேட்டரில் ஒரு "புஃப்", அப்புறம் வ்ராஆஆஆ என்று பிடித்தது பாருங்கள், நான் ஆக்ஸிலேட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து என்னமோ கத்துகிறார், வாய் மட்டும் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை, புது பெயின்ட் சூடாகிற வாசனை, கிரீஸ் வெந்த வாசனை, தெருப் பையன்கள் மொத்தமாக வந்துவிட்டார்கள், டீக்கடைக்காரர் கடையை விட்டு வந்துவிட்டார், என் மனைவி ஜன்னலைச் சாத்துகிறாள், நான் சிரித்துக்கொண்டே இருக்கிறேன், எதற்கென்றே தெரியாமல் சிரிக்கிறேன், இருபது நிமிஷம் முடிந்து கையை எடுத்தபோது இன்ஜின் இறங்கி வந்து ஐட்லிங்கில் உட்கார்ந்தது. உறுமவில்லை. ஆனால் முன்பு இருந்த அந்த மந்தமான ஒரே சுருதியும் இல்லை. அடியில் லேசாக ஒரு துள்ளல். அந்தத் துள்ளலைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கேட்கும். மேஸ்திரிக்குக் கேட்டது. என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார், எழுபது வயசு மனுஷர்!

ஆயில் மாற்றி, டாப்பெட் இடைவெளியைத் திரும்பப் பத்து தௌ (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு) வைத்து, அடுத்து மலைதான். கற்பனை பண்ணிப் பாருங்கள். விடியற்காலை. பஸ் ஸ்டாண்டில் பூக்கடை இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. பெரியகுளம் ரோட்டில் ரெண்டு பக்கமும் புளியமரம், கண்ணாடியை இறக்கிவிட்டால் ஈரமான கொடிக்கால் வாசனை. காட்ரோட்டில் வலது பக்கம் ஒடித்தால் மலை எதிரே எழுந்து நிற்கிறது. முன்பெல்லாம் இந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசையும். முதல் ஏற்றம் வந்தது, மூன்றாவதிலிருந்து ரெண்டாவதுக்கு இறக்கினேன், ஆக்ஸிலேட்டரை மிதிக்கக்கூட இல்லை, விரலால் அழுத்துகிற மாதிரி ஒரு அழுத்து, பிடித்தது பாருங்கள் ஒரு இழுப்பு! முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கெல்லாம் இல்லை, பொய் சொல்ல மாட்டேன், 948 சிசிதானே. ஆனால் அந்த இழுப்பு நிற்கவேயில்லை! வளைவில் வேகம் குறைந்து 2,000-த்துக்கு வந்தாலும் இருக்கிறது, வளைவு முடிந்து நிமிர்ந்தால் 3,000-த்தில் இன்னும் இருக்கிறது, ரெட்டைக் கார்புரேட்டரும் சேர்ந்து ஒரே மூச்சாக "ஹுவ்வ்வ்" என்று உறிஞ்சுகிற சத்தம் கதவு வழியாக வருகிறது, அடுத்த கொண்டையூசி, திரும்ப இழுப்பு, முன்னால் தக்காளிப் பெட்டி ஏற்றின ஒரு பிக்கப் வண்டி, தாண்டினேன் ஐயா, ஏற்றத்தில் இன்னொரு வண்டியைத் தாண்டினேன், என் ஹெரால்டு, ஏற்றத்தில், தாண்டியது! சத்தம் போட்டுக் கத்தினேன், தனியாக இருந்தேன், கேட்க ஆளில்லை, குரங்குகள் திரும்பிப் பார்த்தன. டம்டம் பாறையில் நிறுத்தினேன். எதிரே தலையாறு அருவி வெள்ளிக் கோடாக 297 மீட்டர் இறங்குகிறது, கீழே மஞ்சளாறு அணை, நான் அருவியைப் பார்க்கவில்லை. பானெட்டைக் கவிழ்த்துத் திறந்து இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு டூரிஸ்ட் குடும்பம் பரிதாபப்பட்டு, "சார், பிரேக்டவுனா? தண்ணி வேணுமா?" என்றது. இல்லைங்க, சும்மா பார்க்கிறேன் என்றேன். அவர்கள் குழந்தையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார்கள்.

குறையே இல்லையா என்றால், பெருமாள்மலைக்கு மேலே காற்று மெலிந்து பெட்ரோல் கலவை கொஞ்சம் கெட்டியாகிறது, வெள்ளி அருவி பக்கம் போகும்போது பெட்ரோல் வாசனை வருகிறது. கேமின் தப்பு அல்ல அது. மைலேஜ் லேசாகக் குறைந்திருக்கலாம். கணக்குப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். சமவெளியில் நாலாவது கியரில் 5,000-த்துக்கு மேலே போனால் மூச்சு முட்டுகிறது, கோயம்புத்தூர் நண்பர் அதைச் சொல்லிக் காட்டுகிறார். சொல்லட்டும். அவரைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஊத்து வரைக்கும் ஏறினேன், வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மெதுவாக, "மாப்ளே, அந்தக் கேம் நம்பரு என்னங்க?" என்றார்.

பழைய இன்ஜினைக் கிளப்பி வைத்திருப்பவர்களே, கேம் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: இன்ஜின் எத்தனை சிசி, கம்ப்ரஷன் எவ்வளவு, கார்புரேட்டர் என்ன, பின் ஆக்ஸில் விகிதம் என்ன, எந்த ரோட்டில் எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள். ரெண்டு கேமுக்கு நடுவில் மனசு ஊசலாடினால் சின்னதை எடுங்கள். இன்னொரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பின்கட்டிலோ மாமா வீட்டு ஷெட்டிலோ ஹெரால்டு அல்லது கெசல் இன்ஜின் கிடந்தால், அதன் கேம் ஷாப்டைப் பழைய இரும்புக்கு எடைபோட்டுவிடாதீர்கள். தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, எப்படியும் தேய்க்கத்தான் போகிறோம். குழி விழாமல் இருந்தால் போதும். எண்ணெய் தடவி, நெட்டுக்குத்தாக நிறுத்தி வையுங்கள், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.